வெற்றுக் கட்டங்கள்

எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. டவுன் பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததும் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தம்வரை போய் இறங்கி, திரும்பி நடந்து வந்தவள் நான். ஒரு முறை அல்ல. அதனால்தான் ஸ்டேஷனில் நீங்கள் கேட்டபோது வாயைத் திறக்காமல் தாள் கேட்டேன். "ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா, போதும்" என்றீர்கள். இரண்டு வரியில் அடங்காது. மன்னிக்கவும்.

பெயர் அன்புச்செல்வி. வயது இருபத்து மூன்று. பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் வகுப்பு. ஊர் கிணத்துக்கடவு. என் அப்பாவும் அம்மாவும் தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்தவர்கள். அப்பா இப்போது ஒரு மில்லில் வாட்ச்மேன். எனக்கு வேலை காந்திபுரத்தில், நிஜாம் அண்ணன் கடையில். முன்பு எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸும் மட்டும் இருந்த கடை. போன வருடம் மூன்று கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, இன்டர்நெட் பிரவுசிங் சென்டர் என்று போர்டை மாற்றினார். மோடம் கத்தி முடித்து லைன் கிடைத்ததும் வாடிக்கையாளருக்கு மவுஸை எப்படிப் பிடிப்பது என்று காட்டுவதும், மணி பார்ப்பதும் என் வேலை. பெரும்பாலும் மணிதான் பார்த்தேன்.

ஆள் இல்லாத நேரத்தில் ஒரு விளையாட்டுச் செய்யத் தொடங்கினேன். இன்டர்நெட்டில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டு. எனக்கு ப்ரோகிராம் எழுதத் தெரியாது. யாரோ ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டு வாங்க மறந்த ஒரு புத்தகத்தின் அறுபத்தெட்டுப் பக்கங்கள் இருந்தன. அறுபத்தொன்பதாம் பக்கத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. என் விளையாட்டும் அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறும்.

செலவுக்கு வழியில்லை. இலவசமாக இடம் கொடுக்கும் ஒரு வெப்சைட்டில் பக்கத்தைப் போட்டேன். தமிழ் எழுத்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரியாது என்பதால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். தென்னை மரங்களை நானே வரைந்தேன். கழுவி வெயிலில் சாத்தி வைத்த விளக்குமாறுகள் போல இருந்தன.

விளையாட்டு எளிமையானது. ஆடுகிறவருக்கு ஒரு துண்டு நிலம். அதில் கட்டங்கள். வாரத்துக்கு ஒரு முறை எந்தக் கட்டத்தில், எத்தனை அடி ஆழத்துக்குப் போர் போடுவது என்று எனக்கு ஈமெயில் அனுப்ப வேண்டும். சனிக்கிழமை நான் கணக்குப் போட்டு, தண்ணீர் வந்த கட்டத்துக்கு நீலம், வராத கட்டத்துக்குச் சாம்பல் நிறம் அடித்து வரைபடத்தை ஏற்றுவேன். யாரும் போடாத கட்டம் வெள்ளையாக இருக்கும். வெற்றுக் கட்டம்.

நிஜாம் அண்ணன் ஒரு நாள் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, ஊர்ல இருக்கறவனெல்லாம் இதுல சினிமாக்காரி படம் தேடறான். நீ என்னடான்னா குழி தோண்டிட்டு இருக்கறே."

"வெளையாட்டுங்கண்ணா."

"தோண்டு, தோண்டு. தண்ணி வந்தா கடைக்கு ஒரு குடம் புடி."

என் விளையாட்டைப் பற்றி யாராவது பேசிய முதல் தடவை அது.

நிலத்துக்கு ஒரு வரைபடம் வேண்டியிருந்தது. கற்பனையில் வரைந்தது மாட்டுத்தோல் போல வந்தது. கடைக்கு ஜெராக்ஸுக்கு வந்த எங்கள் ஊர் சர்வே வரைபடத்தில் ஒரு பிரதி எனக்காகவும் எடுத்துக்கொண்டேன். அதில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் வெட்டி, ஐம்பது மீட்டருக்கு ஒரு கட்டமாக, நானூறு கட்டம் போட்டேன். எந்தக் கட்டத்தில் தண்ணீர் என்பதைக் கம்ப்யூட்டரே குலுக்கல் போல எடுத்துத் தரும்படி எழுதினேன். மூன்றுக்கு ஒன்று நீலம். என் மொத்த விஞ்ஞானமும் அப்போது அவ்வளவுதான்.

முதல் மாதம் மூன்று பேர் ஆடினார்கள். அதில் இரண்டு பேர் நான். மூன்றாவது ஆள் கண்ணையா. வெள்ளகோவில்காரர், அமெரிக்காவில் வேலை. அவரை நான் பார்த்ததில்லை. நான்காவது வாரம் அவர் எழுதினார்: "தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. இது வெளையாட்டு இல்லீங்க, சீட்டுக் குலுக்கறது. நம்மூருப் பாறைக்கு ஒரு கணக்கு இருக்குது. உங்குளுதுக்கு அது இல்லை. படம் மட்டும் நல்லாருக்குதுங்க, அந்த வெளக்குமாறெல்லாம்."

அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. அவர் சொன்னது சரி என்பதுதான் காரணம்.

உண்மையான கணக்கைத் தேடிப் போனேன். ஓர் அலுவலகத்தில் கல்லூரிக் கடிதம் கேட்டார்கள். நான் கல்லூரியை முடித்துவிட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் தோட்டத்துக்காரர்களிடமே கேட்டுப் பார்த்தேன். கேட்டேன் என்றால், வேலியோரம் நின்று அவர்களாக என்னவென்று கேட்கும்வரை காத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் யாரும் தன் போரில் எவ்வளவு தண்ணீர் என்று வெளியில் சொல்வதில்லை. சொன்னால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இன்னும் நூறடி ஆழமாகப் போட்டுவிடுவார். மூன்று இஞ்சுக் குழாய் வாய் நிறைய ஊற்றிக்கொண்டிருக்க, அதன் முன்னால் நின்றுகொண்டே ஒருவர், "ஏதோ எருமை வாய் நனைக்கற அளவுக்கு வருதுங்க" என்றார். ங்க போட்டது எனக்காக அல்ல, பழக்கத்தினால்.

திருமூர்த்தி அண்ணன் கடைக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். அவர் போர் வண்டி ஏஜென்ட். திருச்செங்கோட்டு வண்டிகளை எங்கள் பக்கம் வரவழைத்துத் தருபவர். போன் பேச வந்தவர் என் திரையைப் பார்த்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, இது எந்த ஊருப் படமுங்க?"

"கிணத்துக்கடவுங்க."

"நீலமா இருக்கறதெல்லாம்?"

"தண்ணிங்க."

"கம்ப்யூட்டரே சொல்லுதுங்களா?"

"ஆமாங்க."

மூன்று பதிலும் உண்மை. நான்காவதாக, விளையாட்டுங்க என்று சொல்ல இருந்தேன். புதிய ஆண் ஒருவரிடம் தொடர்ந்து நான்கு வாக்கியம் பேசிய பழக்கம் எனக்கில்லை. நான் எச்சில் விழுங்கி முடிப்பதற்குள் அவர் நிஜாம் அண்ணனிடம் சொல்லி அதை ஒரு தாள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் ஒரு குலை இளநீரோடு வந்தார். நீலக் கட்டத்தில் போட்டார்களாம். இருநூற்று எண்பது அடியில் இரண்டு இஞ்சுத் தண்ணீராம்.

"உள்ளங்கையில தேங்கா வெச்சா தண்ணி இருக்கற எடத்துல எந்திருச்சு நிக்கும்னு பாத்துட்டு இருந்தமுங்க இத்தன நாளு. இனி அந்தத் தேங்காய்க்காரருக்கு வேலையில்லீங்க. பஸ் ஸ்டாண்டுல ஜாதகமே கம்ப்யூட்டர்லதான் குடுக்கறான், தண்ணிக்கு என்னங்க."

கண்ணை மூடிக்கொண்டு எங்கே போட்டாலும் எங்கள் பக்கம் மூன்றுக்கு ஒரு தடவை இப்படி நடக்கத்தான் செய்யும். இதை அவருக்கு விளக்கியிருக்கலாம். அதற்குப் பதிலாக நான் வேறொன்று கேட்டேன். போட்ட போரில் எத்தனை அடிவரை செம்மண், எங்கே உதிரும் ஓடக்கல், எங்கே கருங்கல், எந்த ஆழத்தில் எவ்வளவு தண்ணீர் என்று ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் எழுதிக் கொண்டுவர முடியுமா என்று.

"எதுக்குங்க அம்மணி?"

"கம்ப்யூட்டருக்குச் சொல்லணுங்க."

"செரிதான். அதுக்கும் சோறு போட்டாத்தான் வேலை செய்யும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் இடம் சொல்லுவார், நான் தாள் எடுத்துத் தருவேன், அவர்கள் போர் போடுவார்கள், அவர் தாளைத் திருப்பிக் கொண்டுவருவார். நான் யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. நீங்கள் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். இளநீர் குடித்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் எட்டுத் தாள்களும் குலுக்கல்தான். எட்டில் மூன்றில் தண்ணீர் வந்தது. ஐந்து தோட்டங்களில் புகைதான் கிளம்பியது. பாறைத்தூள் வெள்ளையாகக் கிளம்புவதை எங்கள் பக்கம் புகை என்போம். அந்த ஐந்தைப் பற்றித் திருமூர்த்தி அண்ணன் கவலைப்படவில்லை. தேங்காய்க்காரர் காலத்திலும் அப்படித்தான் என்றார். நானும் அதிகம் கவலைப்படவில்லை. எனக்கு எட்டு உண்மையான கட்டங்கள் கிடைத்திருந்தன.

பதினான்காவது தாள் வந்தபோது ஒன்றைக் கண்டுபிடித்தேன். தண்ணீர் வந்த கட்டங்கள் சிதறிக் கிடக்கவில்லை. வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஒரு பட்டைபோலப் போயின. பூமிக்கடியில் பாறையில் ஒரு வெடிப்பு. அதன் மேல் போட்டால் முந்நூறு அடிக்குள் தண்ணீர். தள்ளிப் போட்டால் புகை. கல்லூரியில் நான் எந்த ஆய்விலும் சரியான விடை எடுத்ததில்லை. ஊசல் ஆய்வில் என் புவியீர்ப்பு விசை நிலாவுக்கு ஏற்றதாக வந்தது. இதுதான் நான் கண்டுபிடித்த முதல் உண்மை.

குலுக்கலைத் தூக்கிவிட்டு இந்த உண்மையை விளையாட்டில் வைத்தேன். கண்ணையா எழுதினார்: "இப்பத்தானுங்க நம்மூரு மாதிரி இருக்குது." அவர் தன் நண்பர்களுக்குச் சொன்னார். சிங்கப்பூரிலிருந்து இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒரு மாதத்தில் அறுபத்தொரு பேர் ஆடினார்கள். என்னைச் சேர்க்காமல்.

இனி நான் தரும் தாளெல்லாம் பலிக்கும். பலித்தது. பட்டையின் மேல் அடுத்தடுத்து மூன்று தோட்டங்களில் தண்ணீர் வந்தது. அங்கேதான் எனக்குச் சிக்கல். எல்லோரையும் பட்டையின் மேலேயே போடச் சொன்னால் பட்டைக்கு வெளியே இருக்கும் கட்டங்கள் என்றைக்கும் வெள்ளையாகவே கிடக்கும். ஏற்கெனவே தெரிந்ததை மறுபடி தெரிந்துகொள்வதில் என்ன இருக்கிறது. ஒரு கட்டத்தில் தண்ணீர் இல்லை என்று தெரிவதும் அறிவுதான். ஆனால் அதற்கு யாராவது அங்கே தோண்ட வேண்டும். என்னிடம் போர் வண்டி இல்லை.

அதனால் ஒரு முறை வைத்துக்கொண்டேன். ஒரு தாள் அவர்களுக்கு, ஒரு தாள் எனக்கு. அவர்கள் தாளில் தண்ணீர் இருக்கும் கட்டம். என் தாளில் எனக்குத் தெரியாத கட்டம். இரண்டும் ஒரே மாதிரி நீலமாக அச்சாகும். என் தாள்களைப் பெரிய தோட்டத்துக்காரர்களுக்கு மட்டும் கொடுத்தேன். ஒன்று தப்பினால் இன்னொன்று போட வசதியுள்ளவர்களுக்கு. இவர்களில் சிலர் என் அம்மாவுக்குக் கொட்டாங்குச்சியில் காபி ஊற்றியவர்கள். பழிவாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. இருந்திருந்தால் அது விஞ்ஞானமாக இருந்திருக்காது.

ஐந்து பேருக்கு அப்படிக் கொடுத்தேன். நான்கில் புகை. ஒன்றில் மட்டும், பட்டைக்கு வெகு தூரத்தில், ஐந்நூற்று எண்பது அடியில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. எதிர்பாராதது. அந்தச் சனிக்கிழமை நான் வரைபடத்தை ஏற்றியதும் கண்ணையாவிடமிருந்து நீளமான ஈமெயில் வந்தது. வெடிப்பு நடுவில் கவைபோல இரண்டாகப் பிரிகிறது, இரண்டாவது கிளை ஆழத்தில் போகிறது என்று அவர் சொன்னார். பிரியவில்லை என்று சிங்கப்பூர்க்காரர்கள் சொன்னார்கள். அறுபத்தொரு பேரும் இரண்டு கட்சியானார்கள். நாளுக்கு இருபது ஈமெயில். அடுத்த ஆட்டத்தில் முடிவு தெரியும் என்று நான் அறிவித்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் அறிவித்த ஒரே அறிவிப்பு அது.

முடிவு தெரிய ஒரே ஒரு கட்டம் போதும். ஏழாவது வரிசை, நான்காவது கட்டம். கிளை உண்டு என்றால் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். சர்வே எண்ணைப் பார்த்தேன். அது பூவாத்தாள் அக்காவின் நிலம். இரண்டு ஏக்கர். அதன் வடக்கு மூலை.

பூவாத்தாள் அக்காவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கணவர் இறந்து ஆறு வருடம். மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். இருந்த கிணறு வற்றிப்போய், இரண்டு வயதுத் தென்னம்பிள்ளைகளுக்குக் குடத்தில் எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த வரிசைத் தோட்டங்களில் என் அம்மாவுக்கு டம்ளரில் காபி கொடுத்தவர் அவர் ஒருவர்தான். இதையும் எழுதுகிறேன், ஏனென்றால் இது உண்மை.

ஆனி மாதம் அவரே கடைக்கு வந்தார். திருமூர்த்தி அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். மஞ்சள் பையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

"இதென்ன கண்ணு, சீமாறு நட்டு வெச்சிருக்கறே?"

"தென்னை மரமுங்கக்கா."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு மவுஸைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். பிடிக்கக் காட்டினேன். நான் கணக்குப் பார்க்கும் படத்தில் ஒரு கட்டத்தை அமுக்கினார். நீலமானது. "அட, தண்ணி வந்துருச்சாட்ட இருக்குது" என்று திரும்பி நிஜாம் அண்ணனைப் பார்த்தார். என் விளையாட்டை எனக்கு முன்னால் உட்கார்ந்து ஆடிய ஒரே ஆள் அவர். கடைக்கு வந்த அத்தனை பேரில் அந்தக் கேள்வியைக் கேட்டவரும் அவர்தான்.

"இது வெளையாட்டா, நெசமா, கண்ணு?"

"ரெண்டுந்தாங்கக்கா."

"எனக்கு நெசமான தண்ணி வேணும் சாமி. எருமை ரெண்டையும் வித்தாச்சு. ஏழ்நூறு அடிக்குத்தான் எனக்குத் தெம்பு. அதுல வல்லீன்னா, இன்னும் ரெண்டு மாசத்துல பிள்ளைக கருகீரும். அப்பறம் காட்டை வித்துப்போட்டு எங்கயாவுது கூலிக்குப் போகோணும். நீ பாத்துச் சொல்லு."

பட்டை அவர் நிலத்தின் தெற்கு மூலையில் போகிறது. கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தைத் தட்டிப் பார்த்தேன். தண்ணீர் வர நூற்றுக்கு எண்பது வாய்ப்பு, இருநூற்று அறுபதிலிருந்து முந்நூறு அடிக்குள் என்று காட்டியது. வடக்கு மூலையைத் தட்டினேன். அது வெற்றுக் கட்டம்.

முறைப்படி அவருக்குப் போக வேண்டியது அவர்கள் தாள்தான், தண்ணீர் இருக்கும் கட்டம். அதற்கு முந்திய தாள் என்னுடையது. முறையை மீறினேன். வடக்கு மூலையில் நீலம் வைத்து அச்செடுத்துக் கொடுத்தேன். மனதார, அங்கும் தண்ணீர் வரலாம் என்று நம்பினேன். கண்ணையா நன்றாகப் படித்தவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி வந்தது. சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூவாத்தாள் அக்கா தேங்காயை என் கையில் கொடுத்தார்.

"பாயிண்ட்டுப் பாத்த கையே ஒடைக்கட்டும்."

சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம் என்றார்கள். வேலிக்கு வெளியே பக்கத்துத் தோட்டத்து ராமுலு உட்படப் பதினைந்து இருபது பேர் நின்றார்கள். நான் நோட்டோடு ஒரு கல்லில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு அடிவரை செம்மண். நாற்பதுவரை ஓடக்கல். அதற்கப்புறம் கருங்கல். நூறு, இருநூறு, முந்நூறு. ஈரமே இல்லை. புகை வந்து எல்லோர் தலையிலும் மாவுபோல விழுந்தது.

நானூறு அடியில் திருமூர்த்தி அண்ணன் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"அக்கா, இங்க பொகைதான் வருது. வேற பக்கம் மாத்தறதுன்னா இப்பவே சொல்லீருங்க. இன்னும் முந்நூறடி இருக்குதுங்க உங்க கணக்குல."

பூவாத்தாள் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எம்பட மனசு என்னமோ தெக்கு மூலையிலயேதான் கெடக்குது. குப்பைமேட்டுக்கு அக்கட்ட நிக்கற வேம்பு இந்த வெயில்லயும் பச்சையாவே நிக்குது பாருங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்றே கண்ணு? மாத்தட்டுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

முந்நூறு அடி மீதி. தெற்கு மூலைக்கு முந்நூறு அடி போதும். கணக்கு அவ்வளவு சரியாக வந்ததை நான் கவனித்தேன். ஆனால் இரண்டாவது கிளை என்று ஒன்று இருந்தால் அது ஐந்நூற்று எண்பதுக்குக் கீழேதான் இருக்கும். நானூறில் நிறுத்தினால் இல்லை என்றும் சொல்ல முடியாது, இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. பாதித் தோண்டிய கட்டத்தை எந்த நிறத்தில் அடிப்பது.

"மாத்த வேண்டாங்க. இங்கயே போங்க" என்றேன்.

சத்தமாகவே சொன்னேன். வண்டி டிரைவருக்குக் கேட்டது. அத்தனை ஆட்கள் நடுவில் நான் குரல் எடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. குரல் நடுங்கவில்லை. அதைப் பற்றி அன்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அப்பறமென்ன, அம்மணியே சொல்லிப்போடுச்சு. போடுங்க" என்றார் பூவாத்தாள் அக்கா.

ஐந்நூறு. அறுநூறு. எழுநூறு. புகை.

வண்டிக்காரர்கள் குழாய்களைக் கழற்றத் தொடங்கினார்கள். வேலியோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். பூவாத்தாள் அக்கா ஒரு தட்டைக் கல்லைத் தானே உருட்டி வந்து குழிமேல் வைத்தார். ஏதாவது விழுந்துவிடக் கூடாது என்றார். அழவில்லை. என்னைப் பார்த்து, "எந்திரி கண்ணு. உனக்குன்னு சோறாக்கி வெச்சிருக்கறேன். வெறும் வயித்தோட போகாதே" என்றார்.

சாப்பிட்டேன். காலையிலிருந்து வெயிலில் இருந்ததால் நல்ல பசி. ரசம் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமைவரை காத்திருக்காமல் திங்கட்கிழமையே அந்தக் கட்டத்துக்குச் சாம்பல் நிறம் அடித்து ஏற்றினேன். கிளை இல்லை. கண்ணையா தோல்வியைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். இந்த விளையாட்டைச் செய்தவர் நிச்சயமாக ஒரு பெரிய விஞ்ஞானி என்று சிங்கப்பூரிலிருந்து எழுதினார்கள். அந்த ஈமெயிலை அச்செடுத்து வைத்திருக்கிறேன். தேவையென்றால் தருகிறேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆவணி முடிவதற்குள் தென்னம்பிள்ளைகள் கருகின. நிலத்தை ராமுலு வாங்கினார். அவர் தாள் கேட்டு என்னிடம் வரவில்லை. வேம்பு பச்சையாக நிற்கிறது என்று பூவாத்தாள் அக்கா சொன்னதை வேலிக்கு வெளியே நின்று கேட்டிருந்தார். தெற்கு மூலையில் போட்டார். இருநூற்று எழுபது அடி. இரண்டரை இஞ்சுத் தண்ணீர். பூவாத்தாள் அக்கா இப்போது அதே காட்டில் ராமுலுவுக்குக் கூலிக்குப் போகிறார். புதிதாக நட்ட பிள்ளைகளுக்கு ஹோஸ் பிடிக்கிறார்.

அதைப் பார்த்த பிறகுதான், என் தாளால் நட்டப்பட்ட பெரிய தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து மனு எழுதிக்கொண்டு உங்களிடம் வந்தார்கள். கூடவே பூவாத்தாள் அக்காவையும் அழைத்து வந்தார்கள். நேற்று நான் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவர் உங்களிடம் சொன்னது காதில் விழுந்தது. "அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க சாமி. ஒரு காசு வாங்கலே. பாவம், வாயில்லாத புள்ள. பொட்டி தப்பாச் சொல்லிப்போடுச்சு, அது என்ன பண்ணும்." நீங்களும் அதையே எழுதினீர்கள். கம்ப்யூட்டர் தவறான இடத்தைக் காட்டியதால் நேர்ந்த நட்டம், யாருக்கும் உள்நோக்கம் இல்லை. அதன் கீழே ஆமாம் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் நான் வீட்டுக்குப் போகலாம்.

என்னால் போட முடியவில்லை. நேற்று இரவு முழுக்க யோசித்தேன். கம்ப்யூட்டர் தவறாகக் காட்டவில்லை. இருநூற்று அறுபதிலிருந்து முந்நூறுக்குள் என்று சொன்னது, இருநூற்று எழுபதில் வந்தது. இதைவிடச் சரியாக ஒரு விளையாட்டு எப்படிச் சொல்ல முடியும். அது தெற்கு என்றது. வடக்கு என்று அச்செடுத்தவள் நான். நானூறு அடியில் அவரே தெற்கு என்று சொன்னபோது, வேண்டாம் என்று சொன்னவளும் நான். தெரிந்துதான் சொன்னேன். அந்தப் பெரிய தோட்டத்துக்காரர்கள் ஐந்து பேருக்கும் தெரிந்துதான் கொடுத்தேன். கம்ப்யூட்டரின் பேரில் இருக்கும் அந்த வரியை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். ஒன்பது மாதம் வேலை செய்திருக்கிறேன், தவறான விளையாட்டு என்று பெயர் வாங்கக் கூடாது.

பூவாத்தாள் அக்காவுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை என்றும் யாரும் நினைக்க வேண்டாம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் ஆட்டத்தில் அவருடைய இரண்டு ஏக்கரைத்தான் கொடுக்கிறேன். தெற்கு மூலையில் போடுங்கள் என்று பக்கத்திலேயே எழுதியும் வைத்திருக்கிறேன். எடுத்த எடுப்பில் தண்ணீர் வராவிட்டால் மனது விட்டுப்போய்விடும், பாவம்.